மூன்று நாள் பொறுத்த வலி: பித்தப்பை அழற்சியும் காத்திருப்பின் வரலாறும்

இந்த முறை வரலாற்றுப் பகுதியில் போர், ஒப்பந்தம், தேர்தல் எதுவும் முதன்மை இல்லை. வயிற்றின் வலப்பக்கத்தில், கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பையின் கதையைப் பார்க்கப்போகிறோம். ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்டால், அதற்குக் காரணம் காத்தோங்கில் வசிக்கும் என் தோழி. அவரும் தமிழாசிரியர்.

அது தேர்வுத்தாள் திருத்தும் காலம். சனிக்கிழமை இரவு காத்தோங் கடை ஒன்றில் குடும்பத்தோடு லக்சா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவருக்கு, நள்ளிரவில் வலது விலா எலும்புக்குக் கீழே வலி. "ஒண்ணுமில்ல, கேஸ்தான்" என்று ஓமத்தண்ணீர் குடித்திருக்கிறார். ஞாயிறு காலையிலும் வலி போகவில்லை. மருந்துக்கடையில் வயிற்றெரிச்சலுக்கு ஒரு மருந்து. திங்கட்கிழமை பள்ளிக்கே போய்விட்டார். தோள்பட்டை வரை வலி ஏறியது. "தாள் திருத்தித் திருத்தி வந்த வலி" என்று அதற்கும் ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டார். செவ்வாய் இரவு காய்ச்சலும் நடுக்கமும் வந்த பிறகுதான் மகன் பிடிவாதமாக மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். அறுவை சிகிச்சை முடிந்து வந்த மருத்துவர், பித்தப்பைச் சுவரின் ஒரு பகுதி கறுத்து அழுகத் தொடங்கியிருந்தது என்றாராம்.

இப்போது அவர் நலம். ஆனால் பார்க்கப் போனபோது அவர் சொன்ன ஒரு வார்த்தை என் மனதை விட்டுப் போகவில்லை. "இருபத்தஞ்சு வருஷமா பிள்ளைகளுக்குச் சொல் சொல்லிக் கொடுக்கிறேன். என் வலிக்குச் சரியான சொல் எனக்கே தெரியாமப் போச்சு."

அவர் ஏன் மூன்று நாள் காத்திருந்தார்? அவர் மட்டுமா காத்திருந்தார்? இந்த நோயின் வரலாற்றைப் புரட்டினால், அது பெரும்பாலும் காத்திருந்தவர்களின் வரலாறாகவே இருக்கிறது. ஒவ்வொரு காலத்திலும் காத்திருக்க ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாக எப்படி விலகின, இன்னும் விலகாமல் இருப்பது எது என்பதுதான் இக்கட்டுரை.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது?

கல்லீரல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. கொழுப்பைச் செரிக்க உதவுவது இந்த நீர். அதில் ஒரு பகுதியைச் சேமித்து, நீரை உறிஞ்சி, கெட்டியாக்கி வைத்துக்கொள்வது பித்தப்பை. அது 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். 30 முதல் 50 மில்லிலிட்டர் கொள்ளும். கொழுப்புள்ள உணவு குடலுக்குள் வந்ததும் பை சுருங்கிப் பித்தநீரை வெளியே தள்ளும்.

பித்தநீரில் கரைந்திருக்கும் கொலஸ்டிரால் அல்லது நிறமிப் பொருள்கள் படிந்து இறுகினால் கற்கள் உண்டாகும. கல் இருக்கும் பலருக்கு வாழ்நாள் முழுதும் ஒரு தொந்தரவும் வருவதில்லை. கல் நகர்ந்துபோய்ப் பையின் வாயிலில் உள்ள குழாயை அடைக்கும்போதுதான் சிக்கல். அடைப்பு தானாக விலகிவிட்டால் வலி சில மணி நேரத்தில் தணியும். விலகாவிட்டால் பை உப்பும், சுவர் வீங்கும், உள்ளே அழுத்தம் ஏறும், சுவருக்கு வரும் இரத்த ஓட்டம் குறையும், கிருமிகளும் சேர்ந்துகொள்ளும். இதுதான் கடுமையான பித்தப்பை அழற்சி. இந்த நோய் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் கல்தான். இரத்தம் கிடைக்காத சுவர் அழுகலாம், ஓட்டை விழலாம், சீழ் வயிற்றுக்குள் பரவலாம், இரத்தத்தில் நஞ்சேறலாம். அந்தக் கட்டத்தில் உயிருக்கே ஆபத்து.

சாதாரண வலிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. சில மணி நேரத்தில் அடங்கும் வலி ஓர் எச்சரிக்கை. ஆறு மணி நேரத்தைத் தாண்டியும் விடாத வலி, அதோடு காய்ச்சல் என்றால் அது வேறு நோய்.

காத்திருப்பதைத் தவிர வழியில்லாத காலம்

கற்கள் புதிய காலத்து நோய் அல்ல. சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் எகிப்தியப் பெண் பூசாரியின் பதப்படுத்தப்பட்ட உடலில் பித்தப்பைக் கற்கள் இருந்திருக்கின்றன. ஆனால் உயிரோடு இருந்தவருக்கு மருத்துவர் என்ன செய்ய முடியும்? பழைய கிரேக்க மருத்துவமும் நம் சித்த மருத்துவமும் பித்தத்துக்குப் பெரிய இடம் கொடுத்தன. வாதம், பித்தம், கபம் என்று நாம் மூன்றாகச் சொன்னதை, கிரேக்கர் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கறுப்புப் பித்தம் என்று நான்காகச் சொன்னார்கள். தமிழில் 'பித்துப் பிடித்தவன்' என்கிறோம். ஆங்கிலத்தில் மனச்சோர்வைக் குறிக்கும் 'மெலங்கலி' என்ற சொல்லின் மூலப்பொருள் 'கறுப்புப் பித்தம்'. இரு மரபுகளும் பித்தத்தை மனத்தோடு சேர்த்துப் பார்த்தன. ஆனால் அடைபட்ட பையைத் திறக்க எந்த மரபிடமும் வழி இல்லை.

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ழான் லூயி பெத்தி, வீங்கிய பித்தப்பை வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அதைக் கீறி வடிக்கலாம் என்று எழுதினார். ஒட்டியிராவிட்டால் தொடக்கூடாது, உள்ளே கசிந்தால் நோயாளி இறந்துவிடுவார். அதாவது நோய் முற்றும்வரை மருத்துவரும் காத்திருக்க வேண்டும்.

அடுத்த பெரிய அடி, 1867 ஜூன் 15 அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் விழுந்தது. ஜான் ஸ்டவ் பாப்ஸ் என்ற மருத்துவர் ஓர் இளம்பெண்ணின் வயிற்றில் இருந்த கட்டியை எடுக்கப்போனார். அறுவைக்கூடம்கூட இல்லை, ஒரு மருந்துக்கடையின் மாடியில்தான் சிகிச்சை நடந்தது. திறந்து பார்த்தால் அது கட்டி அல்ல, உப்பிப்போன பித்தப்பை. கீறியதும் கற்கள் கொட்டின. அவற்றை எடுத்துவிட்டுத் தைத்துவிட்டார். அந்தப் பெண் பிழைத்து, அதன்பின் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். கண்டுபிடிப்பு தற்செயல்தான், ஆனால் பித்தப்பையைத் திறந்தாலும் மனிதர் பிழைக்க முடியும் என்று தெரிந்துபோனது.

அதே 1867ஆம் ஆண்டை நாம் வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்க வேண்டும். அந்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் 'இரண வைத்தியம்' என்ற அறுவை மருத்துவ நூல் தமிழில் வெளிவந்தது. அதன் பின்னால் இருந்தவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் பார்த்து, நம் ஆட்களுக்கே மேற்கத்திய மருத்துவத்தைக் கற்பித்தவர். ஆங்கிலத்தில் கற்பித்தால் மாணவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள், ஊர் மக்களுக்கு மருத்துவர் கிடைப்பதில்லை என்று கண்டு, பின்னாளில் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு பற்றிய 'அங்காதிபாதம்' 1852இலேயே வந்துவிட்டது. மாணவர்களோடு சேர்ந்து உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் தமிழ்ச்சொற்களைத் தேடித் தொகுத்ததும் அவரது பெரும்பணி. அடுத்தவரின் வலியைப் புரிந்துகொள்ள முதலில் சொல் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

காத்தோங்கில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதை இல்லை. சிலோன் சாலையில் நடந்தால் ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயத்தின் கோபுரம் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் எழுத்தர்களாக, ரயில்வே ஊழியர்களாக, மருத்துவ உதவியாளர்களாக வந்தவர்களின் சமூகம் வளர்த்த ஆலயம் அது. அவர்களில் பலருடைய ஊர்கள் மானிப்பாய்க்கு அக்கம்பக்கம்தான். தமிழில் மருத்துவம் படிக்க முடியும் என்று காட்டிய மண்ணின் பிள்ளைகள் இங்கே வந்து குடியேறினார்கள்.

1882: பையையே எடுத்துவிட்டால் என்ன?

கல்லை எடுத்தாலும் பை இருக்கும்வரை கல் திரும்ப வரும். அப்படியானால் பையையே எடுத்துவிடலாமே? கேட்க எளிது. ஓர் உறுப்பை எடுத்தபின் மனிதர் வாழ்வாரா என்பது அன்று தெரியாது. பெர்லினில் லாசரஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் கார்ல் லாங்கன்பூக் விடையைத் தேடினார். குதிரைக்கும் யானைக்கும் பித்தப்பையே கிடையாது. அவை நன்றாகத்தான் வாழ்கின்றன. 17ஆம் நூற்றாண்டிலேயே நாய்களின் பித்தப்பையை நீக்கிப் பார்த்தவர்கள் அவை பிழைத்ததை எழுதி வைத்திருந்தார்கள். லாங்கன்பூக் பல ஆண்டுகள் இறந்த உடல்களில் பயிற்சி செய்தார்.

1882 ஜூலை 15 அன்று 43 வயது ஆண் ஒருவருக்கு அவர் பித்தப்பையை முழுதாக நீக்கினார். அந்த நோயாளி எவ்வளவு காலம் வலியோடு இருந்தார் தெரியுமா? 16 ஆண்டுகள். உடல் இளைத்து, வலியை மறக்க மார்ஃபினுக்கு அடிமையாகியிருந்தார். அறுவைக்கு மறுநாள் காய்ச்சலில்லாமல் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தார் என்று குறிப்பு சொல்கிறது. சில வாரங்களில் நலமாக வீடு திரும்பினார். பித்தப்பையை எடுப்பது அதில் கல் இருக்கிறது என்பதற்காக மட்டும் அல்ல, அதுதான் கல்லை உண்டாக்குகிறது என்பதற்காக. இதுவே லாங்கன்பூக்கின் வாதம்.

இவ்வாறு, "செய்ய ஒன்றுமில்லை" என்ற முதல் காரணம் 1882இல் விலகியது.

அறுவையைக் கண்ட அச்சம்

வழி கிடைத்த பிறகும் மருத்துவர்கள் தயங்கினார்கள். கடுமையாக வீங்கிய பித்தப்பையைச் சுற்றி எல்லாம் ஒட்டிப்போய், எது எந்தக் குழாய் என்று தெரியாது. அதனால் வீக்கத்தை முதலில் தணியவிட்டு, ஆறு வாரம்போல் கழித்து அறுவை செய்வதே பாதுகாப்பு என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது. கண்டறிவதும் எளிதாக இல்லை. சிகாகோ மருத்துவர் ஜான் பெஞ்சமின் மர்ஃபி 1903இல் ஒரு சோதனையை விவரித்தார். வலது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தி, நோயாளியை மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்வது. கீழே இறங்கும் வீங்கிய பித்தப்பை விரலில் பட்டதும், வலியால் மூச்சு சட்டென்று நின்றுவிடும். ஒரு நூற்றாண்டைத் தாண்டியும் மருத்துவர்கள் இன்றும் இதைச் செய்கிறார்கள்.

அச்சத்துக்கு நியாயமும் இருந்தது. தேர்வு மாணவர்களுக்கு நன்கு அறிமுகமான ஒருவரைப் பார்ப்போம்: ஆண்டனி ஈடன். பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்த அவருக்கு 1953 ஏப்ரல் 12 அன்று லண்டனில் பித்தப்பை நீக்கப்பட்டது. அறுவையின்போது பித்தநாளம் சேதமடைந்தது. மீண்டும் ஓர் அறுவை, அதுவும் போதவில்லை. ஜூன் மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போய், ரிச்சர்ட் கேட்டல் என்ற வல்லுநரிடம் நாளத்தைச் சரிசெய்துகொண்டார். அதே ஜூன் மாதம் பிரதமர் சர்ச்சிலுக்குப் பக்கவாதம் வந்தது. அடுத்த தலைவராகக் கருதப்பட்டவரோ கடல் கடந்து மருத்துவமனையில் கிடந்தார். 1955இல் ஈடன் பிரதமரானார். டேவிட் மார்ஷல் தலைமையில் சிங்கப்பூர்க் குழு 1956இல் சுயாட்சிப் பேச்சுக்கு லண்டன் போனபோது பிரிட்டனில் இருந்தது ஈடனின் அரசாங்கம்தான். அதே ஆண்டு சூயஸ் நெருக்கடி உச்சத்தை நெருங்கிய அக்டோபரில், பழைய பித்தநாளக் கோளாற்றால் அவருக்குக் கடும் காய்ச்சல் கண்டது. 1957 ஜனவரியில் உடல்நலத்தைக் காரணம் காட்டிப் பதவி விலகினார்.

அவர் நோய்தான் சூயஸ் முடிவுகளுக்குக் காரணமா? இதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. மாணவர்கள் தேர்வில் இதை எழுதினால் 'ஒரு காரணி' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். 'காரணம்' என்று எழுதிவிடாதீர்கள்.

நம் ஊரில் அறுவை மருத்துவம் எப்படி வேரூன்றியது? 1905இல் இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1926இல் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் புதிய கட்டடங்கள் திறக்கப்பட்டன. காத்தோங்கின் பக்கத்திலேயே இதற்கு ஓர் அடையாளம் உண்டு. 1966 முதல் 1988 வரை ஜூ சியாட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த இயோ கிம் செங், அடிப்படையில் ஓர் அறுவை மருத்துவப் பேராசிரியர். 1970 முதல் நாடாளுமன்ற நாயகராகவும் இருந்தார். லண்டனிலிருந்தோ பாஸ்டனிலிருந்தோ வல்லுநர் வர வேண்டும் என்ற நிலை மாறி, உள்ளூர் ஆசிரியர் உள்ளூர் மாணவருக்கு அறுவை மருத்துவம் சொல்லிக்கொடுக்கும் காலம் வந்துவிட்டது.

1987: இரு செய்திகள்

1987 பிப்ரவரி 22 அதிகாலையில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் ஓவியர் ஆண்டி வார்ஹால் இறந்தார். வயது 58. முந்தைய நாள்தான் அவருக்குப் பித்தப்பை நீக்கப்பட்டிருந்தது. சாதாரண அறுவைக்குப் போனவர் இறந்துவிட்டார் என்றே உலகம் பேசியது. குடும்பத்தார் வழக்கும் தொடுத்தார்கள், அது 1991இல் சமரசத்தில் முடிந்தது. ஆனால் பின்னணி வேறு. 1968இல் துப்பாக்கியால் சுடப்பட்டு மரணத்தின் விளிம்புவரை போய் வந்தவர் அவர். அதன்பின் மருத்துவமனை என்றாலே அவருக்கு நடுக்கம். பித்தப்பை தொந்தரவு நெடுநாளாக இருந்தும் தள்ளித் தள்ளிப் போட்டார். கடைசி மாதத்தில் வலி முற்றிய பிறகும் அறுவை வேண்டாம் என்று மன்றாடினார். திறந்து பார்த்தபோது பித்தப்பை அழுகிப்போயிருந்தது. ஜான் ரயன் என்ற ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர் அந்த ஆவணங்களை ஆராய்ந்து, 2017இல் தம் முடிவைச் சொன்னார்: அது சாதாரண அறுவையே அல்ல, மிகவும் நலிந்த ஒருவருக்குச் செய்யப்பட்ட பெரிய, அவசர அறுவை.

அவர் இறந்த அடுத்த மாதம், 1987 மார்ச்சில், பிரான்ஸின் லியோன் நகரில் ஃபிலிப் மூரே என்ற மருத்துவர், வயிற்றை அகலமாகக் கீறாமல், சிறு துளைகள் வழியாகக் கேமரா செலுத்திப் பித்தப்பையை எடுத்தார். அவருக்கும் முன்பே, 1985 செப்டம்பர் 12 அன்று, ஜெர்மனியின் எரிக் மூயே இதைச் செய்திருந்தார். 1986இல் சக மருத்துவர்கள் முன் அவர் விளக்கியபோது கிண்டல்தான் கிடைத்தது. 1992இல் அதே ஜெர்மன் அறுவை மருத்துவச் சங்கம் அவருக்கு விருது கொடுத்தது. இந்தியாவில் 1990இல் மும்பையின் ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹம்டன் உத்வாடியா முதன்முதலாகச் செய்தார். 1990களின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் சி. பழனிவேலு இந்த முறையைத் தமிழகத்தில் வளர்த்தார். சிங்கப்பூர் மருத்துவர்களும் பின்தங்கவில்லை. 1992இல் பீட்டர் கோ குழுவினர் இரைப்பையின் ஒரு பகுதியையே துளைகள் வழியாக நீக்கி உலகின் கவனத்தை ஈர்த்தார்கள்.

சாவித்துளை அறுவை என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்வது இதைத்தான். வார்ஹாலை அச்சுறுத்திய பெரிய வெட்டு, நீண்ட நாள் படுக்கை என்ற இரண்டாம் காரணமும் இவ்வாறு பெருமளவு விலகியது.

வாரங்கள் மணிகளாக மாறின

ஆறு வாரம் காத்திருக்க வேண்டும் என்ற பழைய வழக்கம் என்ன ஆயிற்று? 1970இலேயே ஸ்வீடன் மருத்துவர்கள் உடனே செய்வதையும் தள்ளிச் செய்வதையும் ஒப்பிட்டு ஆய்வு வெளியிட்டார்கள். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. ஜெர்மனியிலும் ஸ்லோவேனியாவிலும் 35 மருத்துவமனைகளில் 618 நோயாளிகள் அதில் பங்கேற்றார்கள். சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்துகொண்டவர்களில் 11.8 விழுக்காட்டினருக்குச் சிக்கல் வந்தது. முதலில் மருந்து கொடுத்து, பிறகு அறுவை செய்யலாம் என்று தள்ளிவைக்கப்பட்டவர்களிலோ 34.4 விழுக்காடு.

இதற்கிடையே 2006இல் தோக்கியோவில் பல நாட்டு வல்லுநர்கள் கூடிப் பேசினார்கள். 2007இல் 'தோக்கியோ வழிகாட்டி' வெளிவந்தது. 2013, 2018 ஆண்டுகளில் அது திருத்தப்பட்டது. நோயை அது மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலை லேசானது. இரண்டாம் நிலையைக் காட்டும் அடையாளங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: தொல்லை தொடங்கி 72 மணி நேரத்தைத் தாண்டியிருப்பது. மூன்றாம் நிலையில் சிறுநீரகம், நுரையீரல், இதயம் போன்ற பிற உறுப்புகளே தடுமாறத் தொடங்கிவிடும்.

72 மணி நேரம் என்றால் மூன்று நாள். என் தோழி சனிக்கிழமை நள்ளிரவிலிருந்து செவ்வாய் இரவு வரை பொறுத்ததும் ஏறக்குறைய அதே மூன்று நாள்தான்.

எல்லாருக்கும் உடனே அறுவை என்று பொருளில்லை. மிகவும் வயதானவர், இதயம் பலவீனமானவர் என்றால் தோல் வழியாக ஒரு மெல்லிய குழாய் செருகிச் சீழை வடிப்பார்கள். பெத்தியும் பாப்ஸும் தட்டுத்தடுமாறித் தேடிய வழி, இன்று ஸ்கேன் உதவியோடு நடக்கிறது. எதைச் செய்வது, எப்போது செய்வது என்று மருத்துவர் முடிவெடுப்பார். நம் வேலை, அவர் முடிவெடுக்க நேரம் இருக்கும்போதே அங்கே போய்ச் சேர்வது.

விலகாத காரணம்: ஒரு சொல்

செய்ய வழியில்லை என்ற காரணம் போய்விட்டது. அறுவையே ஆபத்து என்ற காரணமும் பெரும்பாலும் போய்விட்டது. என் தோழி வாழ்வது நல்ல மருத்துவமனைகள் கூப்பிடு தூரத்தில் இருக்கும் காத்தோங்கில். பிறகு ஏன் மூன்று நாள்?

'கேஸ்' என்ற சொல்தான் காரணம். நம் வீடுகளில் நெஞ்சுக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே எது வலித்தாலும் அது 'கேஸ்', 'வாயு', 'கேஸ்ட்ரிக்'. பெயர் வைத்துவிட்டால் நோய் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில் நேரம் போய்விடுகிறது. வயதானவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியும் காய்ச்சலும் அவ்வளவாகத் தெரியாமலேகூட நோய் முற்றலாம் என்பதால், "ரொம்ப வலிக்கலியே" என்பதும் ஆறுதல் ஆகாது.

மாணவர்களே, இது உங்களுக்கும் உரியது. தாத்தா பாட்டியோடு பலதுறை மருந்தகத்துக்கோ அவசரப் பிரிவுக்கோ போகும்போது பல வீடுகளில் மொழிபெயர்ப்பாளர் நீங்கள்தான். பாட்டி "வாயு" என்றால் அதையே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். எங்கே வலிக்கிறது? நடுவிலா, வலது விலாவுக்குக் கீழேயா? எப்போது தொடங்கியது? எத்தனை மணி நேரமாக விடவில்லை? முதுகுக்கோ வலது தோளுக்கோ ஏறுகிறதா? வாந்தி, காய்ச்சல், நடுக்கம் உண்டா? கண் மஞ்சளாக இருக்கிறதா? மூச்சை ஆழமாக இழுத்தால் வலி கூடுகிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பாட்டி தரும் விடைகளை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாரடைப்பும் சில சமயம் மேல்வயிற்று வலியாகவே வரும் என்பதால், நெஞ்சு அடைத்து வியர்த்தால் யோசிக்காமல் 995க்கு அழையுங்கள்.

மானிப்பாயில் கிறீன் உறுப்புகளுக்குத் தமிழ்ச்சொல் தேடியது அகராதியை நிரப்ப அல்ல. வலியோடு வந்தவர் தம் மொழியில் சொல்வதை மருத்துவரும், மருத்துவர் சொல்வதை அவரும் புரிந்துகொள்வதற்காக. ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்குப் பின் நம் வகுப்பறைக்கும் அதே வேலை இருக்கிறது.

என் தோழி இப்போது பள்ளிக்குத் திரும்பிவிட்டார். கேட்டல் கருத்தறிதல் பயிற்சிக்கு அவரே ஓர் உரையாடல் எழுதியிருக்கிறார். பேரனும் பாட்டியும் மருந்தகத்தில் பேசிக்கொள்வது. அதில் பேரன் கேட்கும் முதல் கேள்வி: "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது, பாட்டி?"

வகுப்பறைக்கு

சொல் அறிவோம்:
அழற்சி: உடலின் ஒரு பகுதி சிவந்து, வீங்கி, சூடேறி, வலிப்பது.
பித்தநீர்: கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் சுரக்கும் நீர்.
பித்தநாளம்: பித்தநீர் குடலுக்குச் செல்லும் குழாய்.
சாவித்துளை அறுவை: சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்யும் அறுவை.

சிந்தித்து எழுதுக:
1. 1867, 1882, 1985 ஆகிய ஆண்டுகளின் நிகழ்வுகள் ஒவ்வொன்றும் காத்திருப்பதற்கான எந்தக் காரணத்தை அசைத்தன? விளக்குக.
2. ஒரு தலைவரின் உடல்நலம் வரலாற்று நிகழ்வுகளுக்கு எந்த அளவு காரணியாக அமையும்? ஈடனைச் சான்றாகக் கொண்டு இரு பக்கமும் வாதிடுக.
3. எரிக் மூயேயின் சக மருத்துவர்கள் முதலில் அவரை ஏளனம் செய்ததற்கு என்ன காரணங்கள் இருந்திருக்கலாம்?
4. உங்கள் வீட்டில் மூத்தவர்கள் வயிற்று வலியை விவரிக்கப் பயன்படுத்தும் சொற்களைக் கேட்டுப் பட்டியலிடுக. ஒவ்வொரு சொல்லும் மருத்துவருக்கு எதைத் தெரிவிக்கிறது, எதைத் தெரிவிக்கவில்லை?